கோடியக்கரைக் குதிரையும் வெளிமான் புல்லும்

கோடியக்கரைக்கு வந்துட்டுப் போறவங்க போடுற படங்கள்ல பாதி குதிரைப் படம்தான். சதுப்புத் தண்ணி, பின்னால சூரியன், நடுவுல பிடரி பறக்க நிக்கிற குதிரை. பார்க்க நல்லாத்தான் இருக்கு. கீழ "தமிழ்நாட்டின் காட்டுக் குதிரைகள்"னு எழுதியிருப்பாங்க. அங்கதான் எனக்கு இடிக்குது.

அது காட்டுக் குதிரை இல்லைங்க. மட்டக்குதிரை. மனுசன் வளர்த்து, வேலை வாங்கி, அப்புறம் வேண்டாம்னு விட்ட குதிரைகளோட வாரிசு. நம்ம நாட்டுல காட்டுக் குதிரைன்னு ஒண்ணு கிடையாது. கட்ச் பாலைவனத்துல காட்டுக்கழுதை இருக்கு, லடாக்குல கியாங்னு ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்குக் குதிரை கப்பல்ல வந்த சரக்கு. சங்க காலத்துலயே காவிரிப்பூம்பட்டினத்துல வந்து இறங்கியிருக்கு. பாண்டியன் அரபு நாட்டுல இருந்து வருசா வருசம் குதிரை வாங்கினதை மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கார். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நெடுந்தீவுலயும் இதே மாதிரி விட்டுப்போன குதிரைங்க திரியுது.

பேருல என்ன இருக்குன்னு கேட்பீங்க. இருக்கு. "காட்டு"ன்னு சொன்ன உடனே அது அந்த மண்ணுக்குச் சொந்தம்னு ஆயிடுது. கோடியக்கரையில அந்தச் சொந்தம் வெளிமானுக்கு. 1967ல இந்த இடத்தைச் சரணாலயம்னு அறிவிச்சதே அதுக்காகத்தான். மொத்தமே 20 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். அதுலயும் காடு, சேறு, உப்புத்தரை எல்லாம் போக, வெளிமான் மேயுற புல்வெளி இத்துனூண்டு.

வெளிமானுக்கு ஏன் புல்வெளி? ஓடித் தப்பிக்கிற சாதி அது. தூரத்துல ஆபத்து வர்றது கண்ணுல படணும், ஓட இடம் வேணும். புதருக்குள்ள போனா அதுக்குப் பிழைப்பு இல்லை. புள்ளிமானாவது மரத்தடியில ஒண்டிக்கும், இலை தழை கடிச்சுப் பொழைச்சுக்கும். வெளிமானுக்கு வெட்டவெளியும் குட்டைப் புல்லும்தான் வீடு.

அந்தப் புல்லுலதான் குதிரையும் வாய வைக்குது. மாடு வச்சிருக்கிறவனுக்கு இது சட்டுனு புரியும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மானுக்கும் மேல் முன்பல் கிடையாது. குதிரைக்கு மேலயும் கீழயும் உண்டு. கத்திரி வச்ச மாதிரி தரையோட ஒட்ட வெட்டும். அசை போடுற பழக்கமும் இல்லை. தின்னது சீக்கிரமா வெளிய போயிடும், மறுபடி தின்னும். ஒரு நாள்ல பாதி நேரத்துக்கு மேல மேய்ச்சல்தான். சித்திரை வைகாசியில புல் காய்ஞ்சு, நல்ல தண்ணி தொட்டியில ஊத்தினாத்தான் உண்டுங்கிற நாள்ல, 20, 30 லிட்டர் குடிக்கிற உருப்படிக்கு முன்னால வெளிமான் எங்க நிக்கும்? பெரிய உருவம் ஒதுங்குற வரைக்கும் சின்ன உருவம் காத்துக்கிட்டு நிக்கணும்.

அதுக்காகக் குதிரை மேலயே எல்லாப் பழியையும் போட நான் வரலை. முதல் எதிரி சீமைக்கருவேலம். அந்த முள்ளு ஏறின இடத்துல புல்வெளி செத்துச்சு. ஆனா காய் பழுத்து விழுறப்போ குதிரை அதை விரும்பித் தின்னும். விதை வயித்துல சாகாது, சாணத்தோட புது இடத்துல விழுந்து முளைக்கும். எங்க ஊர் மாடும் இதே வேலையைச் செய்யுது, மறைக்க மாட்டேன். ஏன், வெளிமானே அந்தக் காயைத் தின்னும். ஆனா சாணத்தோட அளவைப் பாருங்க, யாரு எவ்வளவு தூரம் கொண்டுபோய்ப் போடுறாங்கன்னு பாருங்க. முள்ளு வெட்டுற கூலி ஒரு பக்கம், விதைக்கிற கூட்டம் இன்னொரு பக்கம்னு இருந்தா அந்த வேலை என்னைக்கு முடியும்?

சரி, என்னதான் பண்ணலாம்? "சுட்டுடுங்க"ன்னு சொல்ற ஆள் நான் இல்லை. இந்தக் கரையில 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா அடிச்சப்போ குதிரையும் செத்துச்சு, மானும் செத்துச்சு. உசுருக்கு உசுரு சமம்தான். ஆனா "இருக்கட்டும், அழகா இருக்குல்ல"ங்கிறதும் ஒரு முடிவுதான். அந்த முடிவுக்கான விலையை வெளிமான் கொடுக்குது. சட்டப்படி முதல் அட்டவணையில இருக்கிறது வெளிமான்தான், குதிரை எந்த அட்டவணையிலயும் இல்லை.

மொத்தமா லாரியில ஏத்தி வேற எங்கயாவது விடுறதும் எனக்கு ஒப்பலை. எங்க விடுவீங்க? அமெரிக்காவுல 1971ல குதிரைக்குன்னு தனிச் சட்டமே போட்டாங்க. பெருகுனதும் பிடிச்சுப் பிடிச்சுப் பட்டியில அடைச்சாங்க. இன்னைக்கு 60 ஆயிரத்துக்கு மேல பட்டியில நிக்குது, அரசாங்கம் தீனி போட்டுக்கிட்டே இருக்கு. நமக்குத் தாங்குமா?

ஆண் குதிரைக்குக் காயடிச்சா போதும்னு சிலர் சொல்றாங்க. பொலிகாளை வச்சிருந்தவனைக் கேட்டுப் பாருங்க, சிரிப்பான். பத்துல ஒன்பதுக்கு அடிச்சாலும் மிச்சம் ஒண்ணு எல்லாப் பெட்டையையும் சினையாக்கிடும். பெட்டையைத்தான் கவனிக்கணும். அதே அமெரிக்காவுல அசடீக்னு ஒரு தீவு, கடற்கரைதான், அங்கயும் விட்டுப்போன குதிரைங்கதான். 1994ல இருந்து பல வருசம் பெட்டைக்குத் தூரத்துல நின்னு ஊசி எறிஞ்சு சினை பிடிக்காம பார்த்துக்கிட்டாங்க. 80ல இருந்து 100க்குள்ள நிக்க வைக்கிறதுதான் கணக்கு. பிடிக்கிறதும் இல்லை, கொல்றதும் இல்லை. நாளாகும், வருசா வருசம் விடாம செய்யணும். நம்ம கால்நடை டாக்டருங்களுக்கு இது முடியாத காரியம் இல்லை.

கூடவே மூணு வேலை. சீமைக்கருவேலத்தை வெட்டினா போதாது, வேரோட பிடுங்கணும், கட்டையை விட்டா துளிர்க்கும். காய் உதிர்றதுக்கு முன்னால அந்த வேலை நடக்கணும். ஊர் மாட்டுக்கு வெளிய மேய்ச்சல் காட்டணும், இல்லைன்னா எங்களைத் திட்டுறதுல அர்த்தம் இல்லை. மூணாவது நாய். தெருநாய் கூட்டமாப் போய் வெளிமானைத் துரத்துறதைப் பத்தி யாரும் படம் போடுறதில்லை. குதிரையைத் தொட்டா நகரத்துல சத்தம் வருமேன்னு அதிகாரிங்க தயங்குவாங்க. அந்தச் சத்தம் போடுறவங்கள்ல இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்களும் இருக்கலாம். அடுத்த தடவை வரும்போது குதிரையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் தூரம் பாருங்க, முறுக்குக் கொம்போட ஒரு கலைமான் நிக்கும். அதையும் படம் பிடிச்சு, அது என்னன்னு பேரு எழுதிப் போடுங்க.