செக் திரும்பினால் கூட காரணம் சொல்கிறோம்

ஒரு செக் பணமில்லாமல் திரும்பினால் கூட, காரணம் எழுதிய மெமோ இணைத்துத்தான் எங்கள் வங்கியில் திருப்பித் தருகிறோம். சிறு கடன் விண்ணப்பத்தை நிராகரித்தாலும் முக்கிய காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 2003-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பன்னிரண்டு வருடம் படித்த பிள்ளை காலேஜில் இடம் கேட்டால் மட்டும் "இல்லை" என்று சொல்லக்கூட ஆளில்லை. பட்டியலில் பெயர் இல்லையா, நீயே புரிந்துகொள்!

சரி, "உண்டு" என்பதையாவது ஒழுங்காகச் சொல்கிறார்களா?

2024-ல் என் பெண்ணுக்கு சென்னையில் ஒரு கல்லூரியில் பி.காம். கிடைத்தது. இரவு ஒன்பது மணிக்கு வலைத்தளத்தில் பட்டியல் போட்டார்கள். எஸ்.எம்.எஸ். இல்லை, மெயில் இல்லை. மறுநாள் மதியம் மூன்று மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு நேரில் வரவேண்டுமாம். நாங்கள் இருப்பதோ டெல்லியில். தமிழ்நாடு எக்ஸ்பிரஸே சென்னை போய்ச் சேர சுமார் 33 மணி நேரம். நாங்கள் பட்டியலைப் பார்த்ததே மறுநாள் காலை பத்து மணிக்கு. சீட் போச்சு.

டெல்லியிலேயே சேர்க்கலாமே என்பீர்கள். அதே வருடம் க்யூட் தேர்வு மே மாதம் நடந்தது. ரிசல்ட் ஜூலை 28. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் முதல் ஒதுக்கீடு ஆகஸ்ட் 16. அதிலும் கெடுவுக்குள் "ஏற்கிறேன்" என்று அழுத்தாவிட்டால் ஆட்டத்திலிருந்தே அவுட்.

இந்த இடைவெளியில்தான் தனியார் கல்லூரிகளின் வசூல். "மூன்று நாளில் கட்டு, இல்லையேல் சீட் இல்லை." பயத்தில் கட்டுகிறோம். 2024 செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுப் பணமும் திருப்பித் தரவேண்டும் என்று யு.ஜி.சி. உத்தரவு போட்டது. ஆனால் அதை வாங்க அலையப்போவது யார்? நாம்தான்.

ஆயிரக்கணக்கான பேருக்கு எப்படித் தனித்தனியாகச் சொல்வது என்கிறார்கள். விண்ணப்பக் கட்டணம் வந்து சேர்ந்தது என்று அடுத்த நிமிடமே எஸ்.எம்.எஸ். அனுப்பியது அதே கல்லூரிதானே சார்? வாங்கும்போது இருக்கும் நம்பர், சொல்லும்போது எங்கே போகிறது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முடிவு வரும் தேதியை விண்ணப்பத்திலேயே அச்சடியுங்கள். உண்டோ இல்லையோ, ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். சேர ஐந்து வேலை நாளாவது கொடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் டிஜிலாக்கரிலேயே இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், ஒரிஜினலைப் பிறகு கொண்டுவருகிறோம்.

வெளியூரில் பிழைக்கப் போனவன் பிள்ளைக்கு ஊரில் படிக்க ஆசை இருக்கக்கூடாதா என்ன?