ஒரு வாரத்தில் நின்றுபோகும் மாத்திரை

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒற்றைத் தலைவலியோடு வரும் பெண்ணுக்குப் ப்ரொப்ரனலோல் எழுதிக் கொடுக்கிறோம். அடுத்த வாரமே வந்து நிற்பார்: "ஒண்ணும் கேக்கலீங்க டாக்டர்." பிறகு பழையபடி பெனடோல்தான். மருந்து தோற்றதாகப் பதிந்துவிட்டு நாமும் அடுத்தவரைக் கூப்பிடுகிறோம்.

ஒற்றைத் தலைவலியோடு, குறிப்பாக அதற்கு முன் வரும் ஆராவோடு, தொடர்புபடுத்தப்படுவது மூளைப் புறணியில் நரம்பணுக்களை அடக்கியபடி மெல்ல ஊரும் ஓர் அலை. அதை 1944இல் முயல்களில் கண்டு சொன்னவர் லியாவ். அது வலி நரம்பை எழுப்பி, மூளையுறையில் அழற்சியையும் கிளப்பும் என்று 2002இல் எலிச் சோதனை காட்டியது. 2006இல் ஜெங்க் அயாட்டா குழுவினர் ப்ரொப்ரனலோல், அமிட்ரிப்டிலின் உட்பட ஐந்து தடுப்பு மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஒரே தடவை கொடுத்தபோது அலைகள் குறையவில்லை. வாரக்கணக்கில் கொடுத்தபோது 40 முதல் 80 வீதம் வரை குறைந்தன. நாள் கூடக் கூடப் பலனும் கூடியது. நம் நோயாளி கைவிடுவதோ முதல் வாரத்தில்.

ஆரா இல்லாத பெரும்பான்மையினருக்கு இந்த அலைக் கதை எவ்வளவு பொருந்தும் என்று கேட்பது நியாயமே. எலியை அளவுக்கு மீறி நம்பி நம் துறை சூடுபட்டதும் உண்டு: மூளையுறைக் கசிவை எலியில் அழகாக நிறுத்திய சப்ஸ்டன்ஸ் பி எதிர்ப்பிகள் மனிதரிடம் பயன்படவில்லை. அழற்சிக் கதையில் தேறி நின்றது சிஜிஆர்பி என்னும் நரம்புப் பெப்டைடு. அதைத் தடுக்கும் ஊசிகள் 2018இலிருந்து உலகச் சந்தையில் உண்டு. தோட்ட மருந்தகத்துக்கு அவை எட்டாது. 2019இல் வந்த ஆய்வொன்றில், மூளையுறையில் சிஜிஆர்பி இட்டபோது பெண் எலிகளே தலைவலிக்குரிய நடத்தையைக் காட்டின. பெரும்பாலும் ஆண் விலங்குகளை வைத்தே பல்லாண்டு நடந்த ஆராய்ச்சியை, வாங்கு நிறையப் பெண்கள் காத்திருக்கும் இடத்தில் படிக்கும்போது உறுத்துகிறது.

கொழுந்து பறிக்கும் இந்தப் பெண்கள் தலையில் மாட்டும் கூடைக் கயிற்றையும் பாருங்கள். பாரம் தலையில் தொங்க, கழுத்து இழுபடுகிறது. பிடரி நரம்பைத் தூண்டினால் மூளையுறையிலிருந்து வரும் வலிச் செய்தியும் உரக்கும் என்று பார்ட்ஷும் கோட்ஸ்பியும் 2002இல் எலியில் காட்டினார்கள். கூடைதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று சொல்லலாம்.

ஆஸ்துமா உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ப்ரொப்ரனலோலைக் குறைந்த அளவில் தொடங்கி, பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும் என்பதைச் சீட்டிலேயே எழுதுங்கள். பெனடோல் போட்ட நாட்களைக் கலண்டரில் குறித்து வரச் சொல்லுங்கள். மாதத்துக்கு 15 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகியிருக்கலாம்.