தோட்டாவின் மீது பிஸ்மில்லாஹ்



சென்ற வாரம் அஸருக்குப் பிந்திய வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒருவர் தயங்கியபடி வந்து தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அமெரிக்க வேட்டைக்காரர் ஒருவரின் காணொளி அது. கைத்துப்பாக்கிக்கு உரிய குட்டையான, கனத்த தோட்டாவை நீண்ட குழலுடைய துப்பாக்கியில் இட்டுச் சுடுகிறார். குழல் முனையில் சைலன்சர். கைதட்டுவது போல் ஓர் ஓசை மட்டுமே கேட்கிறது. மான் துள்ளிப் புதருக்குள் ஓடி மறைகிறது. வேட்டைக்காரர் சிரிக்கிறார். "இதை அனுப்பிய என் நண்பர், பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டுச் சுட்டால் ஹலால்தான் என்கிறார். சரிதானா ஹஜ்ரத்?" என்று கேட்டார் மாணவர்.

அன்று இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். இரவில் யோசித்தபோது அந்தப் பதில் போதாது என்று பட்டது. ஏனென்றால் அந்த நண்பரின் கேள்வி அமெரிக்க மானைப் பற்றியது அன்று. காத்திவாக்கத்தில் மான் இல்லை. ஆனால் ஏர் கன் இருக்கிறது. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் கொக்கும் நாரையும் உள்ளானும் இருக்கின்றன. வெளியூர் உறவினர் வீட்டு விருந்துகளில் 'வேறு கறி' என்று காதோடு சொல்லிப் பரிமாறப்படும் தட்டும் இருக்கிறது. 'பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டோம்' என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்து இவை அனைத்தையும் நியாயப்படுத்தும் ஒரு கூட்டம் நம்மிடையே வளர்ந்துவருகிறது. அவர்களுக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வோம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. அதைவிட வேகமாகப் பாயும் தோட்டா காற்றைக் கிழித்துச் சடாரென்ற ஓசையை எழுப்பும். சைலன்சரால் அதை அடக்க முடியாது. ஆகவே ஓசையே வேண்டாம் என்பவர்கள் ஒலியைவிட மெதுவாகச் செல்லும் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 9 மி.மீ. வகையில் ஒன்பதரை கிராம் எடையுள்ள தோட்டா நொடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதன் ஆற்றல் ஏறத்தாழ 430 ஜூல். மான் வேட்டைக்கென்றே உள்ள அதிவேக ரைஃபிளின் தோட்டாவுக்கு எடை ஏறக்குறைய அதேதான். ஆனால் வேகம் 850 மீட்டர், ஆற்றல் 3,500 ஜூல். எட்டு மடங்கு வேறுபாடு! இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், சில சிற்றினங்கள் நீங்கலாக, 2,305 ஜூலுக்குக் குறைந்த ரைஃபிளால் மானைச் சுடுவதையே தடை செய்திருக்கிறது. வேட்டையைப் பொழுதுபோக்காகக் கொண்ட பிரபுக்களின் நாடு போட்ட சட்டம் இது.

மெதுவான தோட்டா விரைவாகத் தாழவும் செய்யும். நூறு மீட்டர் செல்வதற்குள் அரை மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். நூறு மீட்டருக்குக் குறிவைத்துச் சரிசெய்த துப்பாக்கியால், உண்மையில் நூற்றிருபது மீட்டரில் நிற்கும் மானைச் சுட்டால், தோட்டா சுமார் 13 சென்டிமீட்டர் கீழே போய் விழும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு சாண் அகலம். அதைத் தவறவிட்ட தோட்டா காலை முறிக்கும், அல்லது வயிற்றைத் துளைக்கும். வயிறு துளைபட்ட மான் ஒரு பகலும் ஓர் இரவும் உயிரோடு கிடந்து சாகலாம். காணொளியில் மான் புதருக்குள் மறைந்த பின் என்ன ஆயிற்று என்று அந்த மாணவரிடம் கேட்டேன். அதோடு காணொளி முடிந்துவிட்டது என்றார்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். வேட்டை ஹராம் அன்று. ஸூரத்துல் மாயிதாவின் நான்காம் வசனம் பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு முந்திய வசனத்திலேயே அடிபட்டுச் செத்தது, அதாவது மவ்கூதா, ஹராம் எனப்படுகிறது. இந்த இரண்டுக்கும் இடையே கோடு எங்கே என்பதை அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களின் ஹதீஸ் காட்டுகிறது. அவர்கள் மிஃராள் எனும் இறகில்லாத அம்பைப் பற்றிக் கேட்டபோது, அதன் கூர்முனை பட்டுச் செத்ததை உண்ணலாம் என்றும், அதன் அகலப் பகுதி மோதிச் செத்ததை உண்ணக் கூடாது என்றும் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது உள்ளது. அம்பு ஒன்றுதான்; எய்தவரும் ஒருவர்தான்; பிஸ்மில்லாஹ்வும் ஒன்றுதான். அப்படியிருந்தும் ஒன்று உணவாயிற்று, மற்றொன்று செத்த பிணமாயிற்று. பிஸ்மில்லாஹ் மட்டும் போதுமென்றால் நபியவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை.

தோட்டா கூர்முனையா, அகலப் பகுதியா? இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னு ஆபிதீன் (ரஹ்) தம் ரத்துல் முஹ்தாரில், ஈயத் தோட்டாவுக்கு வெட்டும் முனை இல்லை, அது சூட்டாலும் கனத்தாலும் உந்துவிசையாலும்தான் காயப்படுத்துகிறது, எனவே அதனால் செத்தது ஹலாலாகாது என்று தீர்ப்பளித்தார். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களும் தோட்டாவால் செத்ததை ஏற்பதில்லை. மறுபுறம், அதே காலத்தில் யமனில் வாழ்ந்த ஷவ்கானீ (ரஹ்), தோட்டா தோலைத் துளைத்து உள்ளே செல்கிறது, ஆகவே அதன் வேட்டை ஹலால் என்றார். மாலிக்கீ மத்ஹபின் தர்தீர் (ரஹ்) அவர்களின் கருத்தும் அதுவே.

'பார்த்தீர்களா, ஷவ்கானீ அனுமதித்திருக்கிறாரே' என்று துள்ளுகிறார்கள் நம் வேட்டை வக்கீல்கள். ஹனஃபீயாகத் தொழுது, ஷாஃபிஈயாக ஃபித்ரா கொடுத்து, கறி விஷயத்தில் மட்டும் யமனுக்குப் பயணம் போகிறவர்கள் இவர்கள். சரி, ஷவ்கானீயின் கருத்தையே எடுத்துக்கொள்வோம். அவர் பதில் சொன்னது ஒரே ஒரு கேள்விக்குத்தான்: செத்த பிராணியை உண்ணலாமா? அந்தப் பிராணியை எப்படிக் கொல்ல வேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்கு ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் விடை இருக்கிறது. கொல்வதிலும் அறுப்பதிலும் அழகிய முறை வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்குத் துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கையில் கூரான கத்தி இருக்கும்போது மழுங்கிய கத்தியால் அறுப்பவரை நாம் கண்டிப்போம். 3,500 ஜூல் கிடைக்குமிடத்தில், ஓசை வரக் கூடாது என்பதற்காக மட்டும் 430 ஜூலைத் தேர்ந்தெடுப்பவரின் கத்தி எத்தகையது?

ஓசை ஏன் வரக் கூடாது என்பதையும் பேசிவிட வேண்டும். உரிமத்தோடு வேட்டையாடும் நாட்டில் தன் காதைக் காக்கவும் அண்டை வீட்டாரைத் தொந்தரவு செய்யாதிருக்கவும் சைலன்சர் பயன்படுத்துவதாகச் சொல்கிறார்கள். இருக்கட்டும். அந்த நாட்டில், உரிமம் பெற்று, தகுந்த ரைஃபிளால், உண்பதற்காக வேட்டையாடி, உயிர் இருக்கையில் ஓடிச் சென்று அறுக்கும் முஸ்லிமிடம் எனக்கு வழக்கில்லை. (அதே காணொளிகளில் பாதி காட்டுப்பன்றி வேட்டை. அதையும் நம் பிள்ளைகள் வாய்பிளந்து பார்க்கிறார்கள்!) நம் நாட்டிலோ, ஓசையின்மையை விரும்புகிறவர் வனக்காவலரின் காதுக்கு அஞ்சுகிறார். இங்கே 9 மி.மீ. துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகை; சாதாரண குடிமகனுக்கு உரிமம் கிடைக்காது. ஆகவே இங்கு கைக்குக் கிடைப்பது ஒன்று கள்ள நாட்டுத் துப்பாக்கி, அல்லது ஏர் கன்.

ஏர் கன்னைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். 0.177 அங்குலத்துக்கு மேற்படாத விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்டதற்கு உரிமம் தேவையில்லை என்கின்றன 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள். அதனால் பெற்றோர் அதை விளையாட்டுப் பொருளாக எண்ணி வாங்கித் தருகிறார்கள். அரை கிராம் ஈயக் குண்டு. பல குண்டுகளுக்கு முனையே தட்டை. இப்னு ஆபிதீனின் தீர்ப்பு எதற்குப் பொருந்தாவிட்டாலும் இதற்குப் பொருந்தும். அது மட்டுமா? கழிமுகத்தில் சுடப்பட்ட கொக்கு பெரும்பாலும் தண்ணீரில்தான் விழுகிறது. வேட்டைப் பிராணி நீரில் விழுந்து செத்துக் கிடந்தால் அதை உண்ணாதீர்கள், நீர் கொன்றதா அம்பு கொன்றதா என்பது உங்களுக்குத் தெரியாது என்று அதே அதீ (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எண்ணூர் முகத்துவாரத்துக்கென்றே சொன்னது போல் இருக்கிறது!

உண்பதற்குக்கூட இல்லாமல், குறிபார்க்கும் சந்தோஷத்துக்காகச் சுடுபவர்களும் உண்டு. உயிருள்ள பறவையைக் கட்டிவைத்து இலக்காக்கி அம்பெய்த குறைஷி இளைஞர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி), உயிருள்ளதை இலக்காக்குபவரை நபியவர்கள் சபித்ததை எடுத்துரைத்தார்கள். விரலிடுக்கில் கல்லை வைத்துச் சுண்டி எறிவதையே நபியவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையைப் பிடித்துத் தராது, பல்லை உடைக்கும், கண்ணைக் குருடாக்கும் என்றார்கள். ஏர் கன் என்பது அந்தச் சுண்டுகல்லின் பேரன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்தக் கழிமுகத்தை மூடியது நமக்கு மறக்கவில்லை. சிறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்களைப் பார்த்து நாம் ஆத்திரப்பட்டோம். சாம்பலுக்கும் எண்ணெய்க்கும் தப்பி மிஞ்சிய பறவையை நம் வீட்டுப் பிள்ளையே சுட்டு வீழ்த்தினால், நாளை யாரிடம் போய் நியாயம் கேட்பது?

சட்டத்தைச் சொன்னால் 'அது மனிதன் போட்டது' என்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அட்டவணையிலுள்ள விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவதைத் தடுக்கிறது. மீறிக் கொல்லப்பட்டதன் இறைச்சி அரசின் உடைமை என்கிறது அதன் 39ஆம் பிரிவு. காட்டுப் பிராணி பிடித்தவனுக்கே சொந்தம் என்று ஃபிக்ஹ் சொல்வதை அறிவேன். ஆனால் அனுமதிக்கப்பட்ட ஒன்றைப் பொதுநலனுக்காக ஆட்சி தடுத்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதையும் அதே ஃபிக்ஹ்தான் சொல்கிறது. மதீனாவின் எல்லைக்குள் வேட்டையைத் தடுத்தவர்கள் நபியவர்களே; காப்பிடம் என்பது நமக்குப் புதிய கருத்தன்று. இந்த நாட்டோடு நாம் செய்த உடன்படிக்கையைப் பேணுவது மாயிதாவின் முதல் வசனம் இடும் கட்டளை. 1998இல் ஜோத்பூர் அருகே வெளிமான்கள் கொல்லப்பட்ட வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரலில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; அவர் மேல்முறையீடு செய்தார். அவருக்கு வழக்கறிஞர் படை இருந்தது. காத்திவாக்கத்து ஒப்பந்தத் தொழிலாளியின் மகனுக்கு யார் இருக்கிறார்கள்?

நம் பெயர் கொண்ட இன்னொருவரையும் நினைக்கிறேன். பம்பாயில் பத்து வயதுச் சிறுவர் ஒருவர் ஏர் கன்னால் ஒரு சிட்டைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றல். இது முஸ்லிம் உண்ணத்தக்கதா என்ற ஐயத்தோடு மாமாவிடம் கொண்டுபோனார். மாமாவுக்குத் தெரியவில்லை, ஆனால் 'தெரியாவிட்டால் என்ன, சாப்பிடு' என்று சொல்லாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அந்தச் சிறுவர்தான் பறவையியலாளர் சாலிம் அலி (1896–1987). அவரும் பின்னாளில் ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டவரே. அவரைப் புனிதராக்குவது என் நோக்கமன்று. ஹலாலா என்று கேட்டு நின்ற அந்த ஒரு கணத்தைத்தான் சொல்கிறேன். 2021இல் அருணாசலப் பிரதேசத்தில் தொடங்கிய ஏர் கன் ஒப்படைப்பு இயக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்கள் தாமாகவே கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய மலைமக்கள் அவர்கள். நம் ஜமாஅத்தில் எத்தனை பேர் வீட்டுப் பரணில் அது கிடக்கிறது என்று ஒரு ஜும்ஆவுக்குப் பின் கேட்டுப் பார்க்கலாம்.

மாணவர் நேற்று மறுபடியும் வந்தார். போன பெருநாளுக்கு உறவினர் வீட்டில் தாமும் அந்த 'வேறு கறி'யைச் சாப்பிட்டதாகவும், சுட்டதா அறுத்ததா என்று அப்போது கேட்கவில்லை என்றும் சொன்னார். தெரியாமல் உண்டதற்கு அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேளுங்கள் தம்பி, தொழுகைகளைத் திருப்பித் தொழ வேண்டியதில்லை என்றேன். இனி யார் தந்தாலும் மூன்று விஷயங்களைக் கேட்ட பிறகே கை வையுங்கள்: என்ன பிராணி, எப்படிச் செத்தது, சட்டம் அதை அனுமதிக்கிறதா? கொஞ்சம் கறி தம் வீட்டுக்கும் வந்ததாகவும், உம்மா சமைத்த சட்டியில்தான் இப்போதும் சமையல் நடக்கிறது என்றும் தயங்கிச் சொன்னார். செத்ததன் இறைச்சி பட்ட பாத்திரத்தை அதன் தடம் நீங்கக் கழுவினால் போதும், தூக்கி எறிய வேண்டியதில்லை என்று உம்மாவிடம் சொல்லச் சொன்னேன்.