கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஆனி மாதமே அடை வையுங்கள்

ஆனி மாதத்தில் கிறிஸ்துமஸ் விருந்தைப் பற்றி எழுதுகிறாரே, இவருக்கு நாள் கணக்கு மறந்துவிட்டதா என்று விவசாயப் பெருமக்கள் நினைக்கலாம். மறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு என்ன சமைப்பது என்று யோசிக்க வேண்டிய மாதம் மார்கழி அல்ல, ஆனிதான். மார்கழியில் யோசித்தால் கடைக்குத்தான் போக வேண்டும். ஆனியில் யோசித்தால் தோட்டத்துக்குப் போகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் மாதக் கடைசியில், திசையன்விளை பக்கம் ஒரு சிறு விவசாயியின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். பண்டிகைக்கு வெளியூரிலிருந்து உறவினர் வரவிருந்தனர். அந்த அம்மாள் எட்டு நாட்டுக் கோழிகள் வளர்த்து வந்தார். ஐப்பசியில் மழை தொடங்குமுன் அத்தனையையும் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, வட்டிக்குப் பணம் வாங்கி, அதே சந்தையில் கோழி வாங்கி வந்தார்கள். கிலோவுக்குக் கொடுத்த விலை, விற்ற விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

“வளர்த்தவளும் நான்தான், வாங்கினவளும் நான்தான் சார். நடுவில் லாபம் மட்டும் வேறொருத்தருக்கு” என்றார் அந்த அம்மாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனெனில், மழைக்காலத்தில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து கோழிகள் மொத்தமாகச் சாகும், ஆகவே முன்கூட்டியே விற்றுவிடுங்கள் என்று கூட்டம் கூட்டமாகச் சொல்லி வந்தவர்களில் நானும் ஒருவன். தடுப்பூசி போட்டுக் காப்பாற்றுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியவன், விற்றுவிடுங்கள் என்று சொன்னேன். அந்தப் பிழையைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்கள் ஏக்கருக்கு எத்தனை மூட்டை, சந்தையில் என்ன விலை என்று கணக்குப் போடுகிறோம். விளைந்ததில் எவ்வளவு விவசாயியின் சொந்த இலைக்கு வந்தது என்று கேட்பதில்லை. பண்டிகை நாளில் அந்தக் கேள்வி பெரிதாகத் தெரிகிறது. ஆண்டு முழுவதும் உணவு விளைவித்தவன், ஆண்டுக்கு ஒரு நாள் விருந்துக்குக் கடன் வாங்குவது முறையல்ல என்பது என் கருத்து.

முதலில் இலையை எண்ணுங்கள்

திட்டம் என்பது எண்ணிக்கையில் தொடங்க வேண்டும். வீட்டார் ஐவர், உறவினர் எண்மர் என்று வைத்துக்கொள்வோம். அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு அனுப்பிய அடுத்த வீட்டார், நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பிய நண்பர் ஆகியோரையும் சேர்த்தால் இருபது பேர் ஆகும். இருபது பேருக்குச் சுமார் 3 கிலோ அரிசியும், எலும்போடு சேர்த்து 4 கிலோ கறியும் போதும். இதற்கு மேல் சமைப்பது பெருமைக்காகத்தான்.

ஐந்து மாத நாட்டுச் சேவல் ஒன்றேகால் கிலோ இருக்கும். சுத்தம் செய்தபின் 850 கிராம் அளவில் கறி நிற்கும். ஆகவே, நமக்கு வேண்டியவை ஐந்து சேவல்கள். இந்த ஐந்தையும் எப்படி உண்டாக்குவது?

மூன்று கோழிகளை அடை வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து முட்டைகள். முட்டை இட்டு ஏழு நாட்களுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. ஏழாம் நாள் இரவில் விளக்கொளியில் முட்டையைப் பிடித்துப் பார்த்து, கரு இல்லாதவற்றை எடுத்துவிடுங்கள். ஜூன் 29-ம் தேதி அடை வைத்தால், 21 நாட்களில், ஜூலை 20-ம் தேதி வாக்கில் குஞ்சு பொரிக்கும். முப்பது முட்டைக்கு இருபத்து நான்கு குஞ்சுகள் கிடைக்கலாம். காக்கை, பருந்து, பூனைக்குப் போனது போகப் பதினெட்டு நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். அவற்றில் பாதி சேவல். ஒன்பது சேவலில் ஐந்து நம் விருந்துக்கு. நான்கு பண்டிகைச் சந்தைக்கு. அந்த நான்கின் விலையில் எண்ணெயும் மசாலாச் சாமான்களும் வாங்கிவிடலாம். பெட்டைகளை அறுக்காதீர்கள். அவை அடுத்த ஆண்டு விருந்துக்கு முதலீடு.

குஞ்சுகளை முதல் ஒரு மாதம் பஞ்சாரத்தில் கவிழ்த்துக் காப்பாற்றுங்கள். குருணையும் உடைத்த கம்பும் கொடுங்கள். பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் திணித்துத் தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் புற்றருகே கவிழ்த்து வைத்தால், காலையில் பானை நிறையக் கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிடச் சத்தான தீனி காசுக்கும் கிடைக்காது.

நோய்க்கு வருவோம். பொரித்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விட வேண்டும். எட்டாவது வாரம் இறக்கையில் தடுப்பூசி போட வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட வேண்டும். கணக்குப் பார்த்தால் எட்டாவது வாரம் செப்டம்பர் நடுவில் வருகிறது. அதாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கோழிகளுக்குக் காப்பு வந்துவிடும். உங்கள் கால்நடை மருந்தகத்தில் இப்போதே சொல்லி வையுங்கள்.

வான்கோழி வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் தோன்றி, ஆங்கிலேயர் வீட்டுக் கிறிஸ்துமஸ் மேசைக்கும் போன பறவை அது. சென்னை நந்தனம் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டுக்கேற்ற நந்தனம் வான்கோழியும் உருவாக்கப்பட்டது. நகரத்து வாடிக்கையாளர் கையில் இருந்தால் விற்பனைக்கு வளர்க்கலாம், தவறில்லை. ஆனால், முட்டை பொரிக்க 28 நாள், சேவல் முழு எடைக்கு வர ஆறு மாதத்துக்கு மேல் என்று கணக்குப் பார்த்தால், இப்போது அடை வைப்பது காலம் கடந்த வேலை. நம் வீட்டு இலைக்கு நாட்டுக் கோழிக் குழம்பே போதும்.

கறியோடு காயும்

விருந்தென்றால் கறி மட்டுமல்ல. ஆடிப்பட்டத்தில் வேலியோரமோ பந்தலடியிலோ நான்கு குழி அவரை போடுங்கள். பனிக்காலம் வந்தால் அவரை தானாகப் பூத்துக் குலுங்கும். மார்கழியில் பொரியலுக்குக் குறைவிருக்காது. ஆகஸ்டு முதல் வாரம் கத்தரி நாற்று விட்டு, செப்டம்பர் நடுவில் நட்டால், நவம்பர் நடுவிலிருந்து காய் பறிக்கலாம். கொத்தமல்லியை நவம்பர் 10-ம் தேதி வாக்கில் மேட்டுப்பாத்தியில் விதையுங்கள். பண்டிகைக்கு முதல் நாள் பறிக்கும் பதத்தில் இருக்கும். மாசி முதல் சித்திரைக்குள் சேனை நட்டவர்களுக்கு எட்டு, ஒன்பது மாதத்தில், சரியாகப் பண்டிகையை ஒட்டிக் கிழங்கு கிடைக்கும். நடாதவர்கள் அடுத்த ஆண்டுக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரிசிக்கு, சம்பா அறுவடை வரும் என்று காத்திருக்க வேண்டாம். அது பொங்கலுக்குத்தான் வரும். கையிலிருக்கும் பழைய நெல்லில் ஒரு மரக்கால் ஒதுக்கி வையுங்கள். பழைய அரிசி கூடுதலாகத் தண்ணீர் இழுக்கும். ஒட்டாமல் பொலபொலவென்று வேகும். விருந்துக்கு அதுதான் ஏற்றது.

பலகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி, திருநெல்வேலி வட்டாரத்தில் முந்திரிக்கொத்து இல்லாமல் பண்டிகை ஏது? அதற்குப் பாசிப்பயறு வேண்டும். கரிசலில் புரட்டாசி இரண்டாம் வாரம் விதைத்த பயறு 65 நாளில், டிசம்பர் தொடக்கத்தில் கைக்கு வந்துவிடும். முதல் பறிப்பிலேயே ஐந்து படியை வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியை விற்பனைக்கு அனுப்புங்கள். பனையில் பதனீர் இறங்குவது பங்குனி முதல் ஆடி வரைதான். ஆகவே, கருப்பட்டியை இப்போதே வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் அது கசியும். காற்றுப் புகாத தகரத்தில் போட்டு, அடுப்புக்கு மேலுள்ள பரணில் வையுங்கள். கேக் செய்கிற வீட்டாருக்கு ஒரு செய்தி: கடையில் நிறம் நிறமாக விற்கும் டூட்டி ஃப்ரூட்டி வேறொன்றுமல்ல, பப்பாளிக் காய்தான். காயைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக்கி, வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறப் போட்டு உலர்த்தினால் ஆயிற்று.

எதிர்க் கேள்விகள்

“நாட்டுக் கோழியை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, பிராய்லர் வாங்கிச் சமைத்தால் லாபம்தானே?” என்று ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒன்பதில் நான்கைச் சந்தைக்கு ஒதுக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் விற்பதென்று நீங்களே கணக்குப் பார்த்து முடிவு செய்தாலும் எனக்கு மறுப்பில்லை. டிசம்பரில் விற்பது வேறு; உரக் கடைக்காரருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் அக்டோபரில் விற்பது வேறு. முன்னது வியாபாரம், பின்னது நெருக்கடி. இன்னொன்று. வீட்டுக் கோழி பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. விற்ற பணம் அவர்கள் கையில் நிற்க வேண்டும்; விற்பதா, சமைப்பதா என்பதில் அவர்கள் சொல்லே முதல் சொல்லாக இருக்க வேண்டும்.

“இயற்கை கைவிட்டால் உங்கள் திட்டம் என்னாகும்?” என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில், கிறிஸ்துமஸுக்கு ஒரே வாரம் இருக்கும்போது, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழையை யார் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. வயலும் தொழுவமும் கோழிக்கூடும் தண்ணீரில் போயின. அந்த மழையைத் தாங்கும் திட்டம் எவரிடமும் இல்லை. ஆனால், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் கூடு கட்டலாம். நெல்லையும் பயறையும் பரணில் ஏற்றி வைக்கலாம். கடன் வாங்காமல் இருந்தால், வெள்ளம் வடிந்தபின் வட்டியாவது நிற்காது. சிறு விவசாயிக்கு அதுவே பெரிய காப்பு.

இது கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டுமான யோசனை அல்ல. தீபாவளி, பொங்கல், ரம்ஜான் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, விதைக்கும் நாளையும் அடை வைக்கும் நாளையும் கண்டுபிடியுங்கள்.

முன்பு சொன்ன அம்மாளை மறு ஆண்டு ஆனியில் போய்ப் பார்த்து, இந்தக் கணக்கைச் சொன்னேன். மூன்று கோழி கிடைக்கவில்லை. இரண்டுதான் அடை வைத்தார். கடைசியில் விருந்துக்கு நான்கு சேவல்கள் தேறின. ஐந்தாவதற்குப் பதில் சேனையும் அவரையும் இலையை நிரப்பின. கடன் வாங்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போன தட்டில் முந்திரிக்கொத்தும் இருந்தது.

உங்கள் வீட்டில் எந்தக் கோழி அடைக்குக் கத்துகிறது என்று இன்று மாலையே பாருங்கள். நாட்காட்டியில் ஜூன் 29-ம் தேதியைச் சுழித்து வையுங்கள். மீதி வேலையைக் கோழி பார்த்துக்கொள்ளும்.