மொட்டை மாடியில் ராக்கெட் துண்டு விழுந்தால்?

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு மொட்டை மாடி. வெயிலில் வடாம் காய்ந்துகொண்டிருக்கிறது. திடீரென்று வானத்திலிருந்து ஓர் இரும்புத் துண்டு விழுந்து, தளத்தைத் துளைத்துக்கொண்டு கூடத்தில் வந்து கிடக்கிறது. நஷ்டஈட்டை யாரிடம் கேட்பது?

இது கற்பனைதான். ஆனால், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2024 மார்ச் 8 அன்று நிஜமாகவே நடந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து கழித்துவிடப்பட்ட பழைய பேட்டரிகளோடு இருந்த சுமார் 700 கிராம் உலோகத் துண்டு, ஒரு வீட்டின் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அந்தக் குடும்பம் நாசாவிடம் 80,000 டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டது.

திருச்சிக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ராக்கெட் விடுவது இன்று அரசாங்க வேலை மட்டுமல்ல. சென்னையின் அக்னிகுல் காஸ்மோஸ் நிறுவனம், ஸ்ரீஹரிகோட்டாவில் தனக்கென அமைத்த ஏவுதளத்திலிருந்து 2024 மே 30 அன்று சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அதே ஆண்டு பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். திருச்சி என்.ஐ.டி.யிலேயே, புதிய விண்வெளி நிறுவனங்களை வளர்த்துவிட இஸ்ரோ ஏற்படுத்திய மையம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் ஒருவர் நாளை ராக்கெட் கம்பெனி தொடங்கலாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தனியார் அனுப்பினாலும் அந்த நாட்டு அரசுதான் பொறுப்பு என்கிறது 1967-ம் ஆண்டின் சர்வதேச விண்வெளி ஒப்பந்தம். விண்ணிலிருந்து விழும் பொருளால் தரையில் சேதம் ஏற்பட்டால், தவறு யாருடையது என்று பார்க்காமலே ஏவிய நாடு பணம் தர வேண்டும் என்கிறது 1972-ம் ஆண்டின் பொறுப்பு ஒப்பந்தம். 1978-ல் சோவியத் யூனியனின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள் கனடாவில் விழுந்து அணுக்கதிர்வீச்சுக் குப்பையைச் சிதறியது. 1981-ல் கனடாவுக்கு 30 லட்சம் கனடா டாலர் கிடைத்தது.

சிக்கலே இங்கேதான். ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு அந்த 1972 ஒப்பந்தம் பொருந்தாது. இந்தியத் தனியார் ராக்கெட்டின் துண்டு ஆஸ்திரேலியாவில் ஒரு வீட்டில் விழுந்தால், அந்த நாடு டெல்லியிடம் பணம் கேட்கலாம். அதே துண்டு சித்திரை வீதியில் விழுந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். உள்நாட்டுச் சட்டம்தான் கைகொடுக்க வேண்டும்.

அந்த உள்நாட்டுச் சட்டம் இன்னும் வரவில்லை. விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவின் வரைவு 2017-ல் வெளியானது, சட்டமாகவில்லை. 2020-ல் அறிவிக்கப்பட்ட இன்ஸ்பேஸ் அமைப்பு தனியாருக்கு அனுமதி தருகிறது. 2023-ல் விண்வெளிக் கொள்கையும் வந்தது. ஆனால் கொள்கை வேறு, சட்டம் வேறு. பாதிக்கப்பட்டவர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்தான். எத்தனை வருஷம் அலைய வேண்டுமோ!

சட்டம் இல்லாதது கம்பெனிகளுக்கும் நல்லதல்ல. வெளிநாட்டுக்கு அரசு கொடுத்த நஷ்டஈட்டில் எவ்வளவைக் கம்பெனியிடம் வசூலிக்கும்? உச்சவரம்பு உண்டா? இதற்கெல்லாம் தெளிவான பதில் இல்லாவிட்டால், நேற்று தொடங்கிய சின்னக் கம்பெனி ஒரே விபத்தில் மூழ்கிவிடும்.

பயப்படத் தேவையில்லை. நம் ராக்கெட்டுகள் கடல் பக்கமாகத்தான் பறக்கின்றன. ஊருக்குள் விழும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் போபாலில் விஷவாயு கசிந்தது 1984-ல். ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஆலைகள் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் வந்தது 1991-ல். விண்வெளியிலும் அப்படி ஆகக் கூடாது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பதைக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.