அச்சடித்த மின்சாரம்



அச்சு என்றதும் கல்யாணப் பத்திரிகையும் நாளிதழும் பனியனில் பதித்த படமும்தான் நம் நினைவுக்கு வரும். மின்சாரம் ஓடும் பாதையையும் அதேபோல் அச்சடித்துவிடலாம் என்றால் நம்புவீர்களா? அப்படி அச்சடித்த பொருள் ஒன்று உங்களில் பலரது வீட்டு அலமாரியில் இந்நேரம் இருக்கிறது. இனிப்பு நீர் உள்ளவர்கள் விரலைக் குத்தி, ஒரு சொட்டு இரத்தம் வைத்துப் பார்க்கிறார்களே, அந்தச் சின்னஞ்சிறு ஸ்ட்ரிப்தான் அது!

தாசேக் கெலுகோர் பக்கத்து வாசகர்களுக்கு மின்னணுத் தொழில் புதிதல்ல. 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் திறந்தபோது, செபராங் பிறையிலிருந்து பெண்கள் வேலைக்குப் போனார்கள். பினாங்குப் பாலம் வந்தது 1985-இல்தான். அதுவரை பெர்ரிதான் வழி. மைக்ராஸ்கோப்பில் கண் பதித்து, தலைமுடியிலும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைத்த கைகள் அந்தக் கைகள். சில் என்பது கடினமான பொருள். வளைத்தால் உடைந்துவிடும்.

இப்போது நாம் பேசுவது வளையும் மின்னணுப் பொருளைப் பற்றி. வெள்ளித் தூளோ கரித் தூளோ கலந்த மையை, மெல்லிய பிளாஸ்டிக் தாளில், பனியனுக்கு அச்சடிப்பது போலவே சல்லடைத் துணி வழியாகத் தேய்த்து அச்சிடுகிறார்கள். மை காய்ந்ததும் அந்தக் கோடுகளே கம்பிகள் ஆகிவிடும். கணினியின் எழுத்துப் பலகைக்குள் பல நேரம் இருப்பது இத்தகைய தாள்தான். காரின் பின்கண்ணாடியில் பனி நீக்கும் மெல்லிய கோடுகளும் அச்சடித்த வெள்ளிப் பசையே.

இதைப் பிள்ளைகள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைத் தாளில் 6பி பென்சிலால் ஓர் அங்குல நீளத்துக்கு, நன்றாகக் கறுக்கும்வரை திரும்பத் திரும்பத் தேய்த்துப் பட்டையாகக் கோடு போடுங்கள். 9 வோல்ட் பாட்டரியின் நேர்முனைக் கம்பியைச் சிறு எல்.இ.டி. விளக்கின் நீளக் காலில் கட்டுங்கள். குட்டைக் காலைக் கோட்டின் ஒரு முனையிலும், பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை மறுமுனையிலும் அழுத்துங்கள். விளக்கு மங்கலாக எரியும்! கம்பியை மெல்ல விளக்கின் பக்கம் நகர்த்தினால் வெளிச்சம் கூடும். ஆனால் விளக்கை நேரே பாட்டரியில் வைத்தால் கருகிவிடும். சுவர் மின்சாரத்தில் இந்த விளையாட்டு கூடவே கூடாது.

பென்சில் கரியும் ஸ்ட்ரிப்பில் உள்ள கரி மையும் ஒரே இனந்தான். அந்த மையின் மேல் ஒரு நொதியைத் தடவியிருப்பார்கள். இரத்தத்திலுள்ள சர்க்கரையை நொதி தாக்கும்போது எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு, கரிக் கோட்டின் வழியே ஓடும். சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு மின்சாரம். அதைத்தான் கருவி அளந்து எண்ணாகக் காட்டுகிறது. இந்த யோசனையை 1962-இல் முதலில் சொன்னவர் அமெரிக்க அறிஞர் லேலண்ட் கிளார்க். வீட்டில் பயன்படுத்தும் இவ்வகைக் கருவி 1987-இல் கடைக்கு வந்தது. அச்சடிப்பதால்தான் இலட்சக்கணக்கில் செய்து, ஒருமுறை பயன்படுத்தி எறிய முடிகிறது.

நம் நாட்டில் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு என்கிறது 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு. இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். ஆகவே தாய்மார்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப்பில் உள்ள நொதிக்கு ஈரமும் சூடும் பகை. எனவே ஒன்றை எடுத்தவுடன் டப்பாவை இறுக மூடுங்கள். அடுப்படியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்காதீர்கள், ஐஸ்பெட்டியிலும் வேண்டாம். திறந்த தேதியை டப்பாவின் மேல் எழுதிவிடுங்கள். திறந்தபின் எத்தனை நாள் தாங்கும் என்பது டப்பாவிலோ உள்ளிருக்கும் தாளிலோ அச்சிட்டிருக்கும். சிக்கனம் கருதிக் கெடு முடிந்ததைப் பயன்படுத்தாதீர்கள். மாம்பழம் உரித்த விரலோடு சோதித்தால் பழத்தின் இனிப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். கைகழுவி, நன்றாகத் துடைத்த பிறகே குத்துங்கள். தப்பான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால், உயிருக்கே ஆபத்து வரலாம். எண் சந்தேகமாக இருந்தால் புது ஸ்ட்ரிப்பில் மறுபடி பாருங்கள். மருந்தை மாற்றும் முன் கிளினிக்கில் கேளுங்கள்.

இனி வரப்போவது என்ன? மார்பில் பிளாஸ்திரி போல ஒட்டி இதயத் துடிப்பைக் கவனிக்கும் பட்டைகள் வந்துவிட்டன. மடிக்கும் கைத்தொலைபேசி 2019 முதல் கடைகளில் கிடைக்கிறது. மீன் கெட்டுவிட்டதா என்று சொல்லும் ஒட்டுத்தாளும், பாய்போல் சுருட்டும் சூரியத் தகடும் ஆராய்ச்சிக் கூடங்களில் உருவாகி வருகின்றன. ஆனாலும் கணக்குப் போடும் வேலைக்கு இன்னும் சில்தான் வேண்டும். சில்லும் அச்சும் கைகோக்கும் தொழில் இது. பள்ளி முடிக்கும் பிள்ளைகள் மின்னணுவோடு வேதியியலும் ஊன்றிப் படித்தால், இத்துறையில் அவர்களுக்கு இடமுண்டு.

எதிர்காலம் இருக்கட்டும். இன்று இரவு அலமாரியைத் திறந்து, ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி இறுக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்!