பூங்காவில் தாய் சி: நம் பெரியவர்கள் ஏன் ஒதுங்கிப் போகிறார்கள்?

காலை ஏழு மணிக்கு நம் நாட்டில் எந்தத் தாமான் பூங்காவுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு சிறிய ஒலிபெருக்கியில் மெல்லிய இசை கேட்கும். அறுபது, எழுபது வயதைத் தாண்டிய சீனர்கள் வரிசையாக நின்று, கைகால்களை மெதுவாக ஒரே சீராக அசைத்துக்கொண்டிருப்பார்கள். நம்மவர்கள் இரண்டு சுற்று நடந்துவிட்டு, அவர்களைக் கடந்து கோப்பிக் கடைக்குப் போய்விடுவார்கள். "அது சீனர் சமாச்சாரம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படி முடித்துக்கொள்ளும் நிலையில் நம் சமுதாயம் இல்லை. மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி நோய் இருக்கக்கூடும் என்று 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. அதாவது, ஏறக்குறைய பன்னிரண்டு முதியவர்களில் ஒருவர்.

இந்நோய்க்கு வழிவிடும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் சுமார் 45 விழுக்காட்டு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. இனிப்புநீர், இரத்த அழுத்தம், உடலுழைப்பு இல்லாமை, தனிமை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன.

இந்த நான்கையும் நம் வீடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாட்டின் மூன்று பெரிய இனங்களில் இனிப்புநீர் அதிகம் இருப்பது இந்தியர்களிடையேதான். தோட்டத்தில் இருந்தவரை விடியற்காலைப் பெரட்டு, பால்மரம், மாலையில் கோயில் திடல் என்று உடலுக்கு வேலையும் பேச ஆளும் இருந்தன. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு, மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பாட்டிக்குத் துணை தொலைக்காட்சி நாடகம்தான். ஒரே கேள்வியை அவர் மூன்று முறை கேட்டால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம்.

தாய் சி, சீனாவின் ஹெனான் மாநிலத்துச் சென் கிராமத்தோடு சேர்த்துப் பேசப்படும் பழைய தற்காப்புக் கலை. பொதுமக்கள் எளிதில் கற்பதற்காக 1956இல் சீன அரசு அதை 24 அசைவுகளாகச் சுருக்கியது. இன்று பூங்காக்களில் பலரும் செய்வது இந்த வடிவத்தைத்தான். 2020இல் யுனெஸ்கோ தாய் சியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. இதன் உறவுக்காரப் பயிற்சியான பா துவான் ஜின்னில் எட்டே அசைவுகள்தான். முட்டிவலி உள்ளவர்கள் அதை நாற்காலியில் உட்கார்ந்தபடியும் செய்யலாம்.

இதில் மூளைக்கு என்ன வேலை? அடுத்த அசைவு எது, எடை எந்தக் காலில் இருக்க வேண்டும், மூச்சு எப்போது என்று ஒவ்வொரு நொடியும் நினைவு வைத்தாக வேண்டும். உடலும் கவனமும் ஒன்றாகப் பழகுகின்றன.

அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். ஞாபகக் குறைவு இருந்த, 65 வயதைக் கடந்த 318 பேர் அதில் கலந்துகொண்டார்கள். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், 24 வாரங்கள், வீட்டிலிருந்தே காணொளி வழியாகப் பயிற்சி. ஒரு குழு வெறும் தசைநீட்டல் பயிற்சி செய்தது. இன்னொரு குழு வழக்கமான தாய் சி செய்தது. மூன்றாவது குழு, தாய் சி செய்துகொண்டே ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக முன்னிருந்தும் பின்னிருந்தும் சொல்வது போன்ற மூளை வேலைகளையும் செய்தது. 30 புள்ளிகள் கொண்ட நினைவாற்றல் சோதனையில் மூன்றாவது குழு, தசைநீட்டல் குழுவைவிட 2.8 புள்ளியும் வழக்கமான தாய் சி குழுவைவிட 1.5 புள்ளியும் கூடுதலாக முன்னேறியது.

அதே மாநிலத்தில், விழும் அபாயம் உள்ள 70 வயதுக்கு மேற்பட்ட 670 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், தாய் சி செய்தவர்கள் தசைநீட்டல் செய்தவர்களைவிட 58 விழுக்காடு குறைவாகவே கீழே விழுந்தார்கள். குளியலறையில் ஒருமுறை விழுந்து, பிறகு எழுந்து நடக்காமலேயே போன பெரியவர்களை நாம் அறிவோம்.

அதற்காக இதை மருந்தாக நினைத்துவிடக் கூடாது. ஆறு மாத ஆய்வு, மறதி நோய் வராது என்பதற்கு உத்தரவாதம் அல்ல. முற்றிய நோயை இது குணமாக்காது. மறதி அதிகமானால் முதலில் அரசாங்கக் கிளினிக்கில் பரிசோதிக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், வெறும் வயிற்றில் பயிற்சிக்குப் போகலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

"நமக்கு யோகா இருக்கிறதே" என்பார்கள் சிலர். இருக்கிறது, செய்பவர்கள் தொடரட்டும். ஆனால் தரையில் உட்கார்ந்து எழ முடியாத எழுபது வயதுக்காரருக்கு நின்றபடியே செய்யும் பயிற்சி எளிது. இது வேற்று மத வழிபாடோ என்ற தயக்கமும் உண்டு. தாய் சியின் பின்னணியில் சீனத் தத்துவம் இருப்பது உண்மைதான். ஆனால் பூங்காப் பயிற்சியில் பூசையும் இல்லை, மந்திரமும் இல்லை. யோகா வகுப்புக்கு வரும் சீனர்களை நாம் அப்படிச் சந்தேகிப்பதில்லையே.

கோயில் மண்டபங்களும் பாலாய் ராயாக்களும் வார நாள்களில் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கின்றன. கோயில் நிர்வாகங்களும் குடியிருப்புச் சங்கங்களும் வாரம் இரண்டு காலை அவற்றைத் திறந்துவிட்டு, பக்கத்துப் பூங்காவில் சொல்லித்தரும் சீன நண்பரை அழைக்கலாம். கிழமைகளின் பெயர்களைத் தமிழில் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே நம் பெரியவர்கள் கையை அசைக்கட்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. நாளைக் காலை பூங்காவுக்குப் போகும்போது அம்மாவையும் அழைத்துச் சென்று, அந்த வரிசையின் கடைசியில் அவரோடு நீங்களும் நில்லுங்கள்.